பொம்மையா, புத்தகமா, பிரசவ அறையா?

மே மாதம் 31 ஆம் நாள், அன்னை மரியாள் எலிசபெத்தம்மாளைச் சந்தித்த திருவிழாவைத் தாய்த் திருச்சபை கொண்டாடுகின்றது. வானதூதரின் செய்தியைக் கேட்ட அன்னை, யூதேயாவின் மலைநாட்டிற்கு விரைந்து சென்று, முதிர்ந்த வயதில் கருவுற்றிருந்த தம் உறவினருடன் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் என்று லூக்கா நற்செய்தியில் படிக்கின்றோம். அந்த வீட்டில் அவர் என்னென்ன வேலை செய்தார் என்று நற்செய்தி விரித்துரைக்கவில்லை. தண்ணீர் மொண்டு வந்திருப்பார், மாவு பிசைந்திருப்பார், வீங்கிய காலைப் பிடித்து விட்டிருப்பார் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். பேறுகாலத்தில் ஒரு பெண்ணுக்கு மற்றொரு பெண் துணை நிற்பது அத்துணைப் பழமையான தொண்டு.

அந்தத் தொண்டையே வாழ்க்கைப் பணியாக ஏற்க நம் பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் சில மாணவியர் புறப்படுகின்றனர். பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்துகளில், சான்றிதழ்களை மஞ்சள் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, மகளை அழைத்துச் செல்லும் பெற்றோரைப் பார்க்கலாம். அண்ணாமலை நகரில் இராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரி உண்டு. வேறு ஊர்களிலும் செவிலியர் கல்லூரிகளும் பள்ளிகளும் பல உண்டு. கட்டணம் எவ்வளவு? விடுதி பாதுகாப்பானதா? சாப்பாடு எப்படி? வெளிநாட்டு வேலை கிடைக்குமா? இவ்வளவும் கேட்கும் பெற்றோர் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. "பிள்ளைப்பேறு பார்ப்பதை இங்கே எப்படிக் கற்றுக் கொடுக்கிறீர்கள்?" என்பதே அந்தக் கேள்வி.

நாங்கள் இப்பள்ளியின் பழைய மாணவியர். வெவ்வேறு ஊர்களில் செவிலியர் பயிற்சி பெற்று, இன்று வெவ்வேறு மருத்துவமனைகளில் பணி புரிகின்றோம். விடுமுறைக்கு ஊர் திரும்பிக் கூடிப் பேசும்போதெல்லாம் எங்கள் பேச்சு இந்தக் கேள்வியிலேயே வந்து நிற்கின்றது. ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தரும்படி தலைமை ஆசிரியை அம்மா அவர்கள் கேட்டபோது, இதையே எழுதலாம் என்று தீர்மானித்தோம்.

மூன்று வழிகள்

பேறுகாலப் பராமரிப்பைச் செவிலிய மாணவிக்குக் கற்பிக்க மூன்று வழிகள் உள்ளன. வகுப்பறையில் விரிவுரை நடத்துவது ஒன்று. பொம்மையையும் இடுப்பெலும்பு மாதிரியையும் வைத்துச் செய்து காட்டி, மாணவியைத் திரும்பச் செய்யச் சொல்வது இரண்டாவது. பிரசவ அறையில் நேரடியாக நிற்க வைத்துப் பழக்குவது மூன்றாவது. எல்லாக் கல்லூரியிலும் இம்மூன்றும் ஏட்டில் உண்டு. எது எவ்வளவு, எது முன்னே, எது பின்னே என்பதில்தான் ஒரு கல்லூரிக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு. அந்த வேறுபாட்டின் பலனை அனுபவிப்பவர் மாணவி மட்டுமல்லர், பிரசவ மேசையில் படுத்திருக்கும் தாயுமாவார்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று சொல்லிப் புத்தகத்தைத் தள்ளிவிட எங்களுக்கு மனமில்லை. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்திற்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி ஏன் போட வேண்டும்? நஞ்சுக்கொடி வெளிவந்தபின் அடிவயிற்றைத் தொட்டுக் கருப்பை இறுகியிருக்கிறதா என்று ஏன் பார்க்க வேண்டும்? காரணம் அறியாத கை, அவசரம் வந்தால் எதையாவது விட்டுவிடும். அந்தக் காரணத்தை விளக்குவதற்கு விரிவுரையே ஏற்றது. அறுபது மாணவியருக்கு ஒரே வேளையில் சொல்லலாம், செலவும் குறைவு.

ஆனால் விரிவுரை மட்டும் கேட்ட மாணவியின் நிலை என்ன? எங்களுள் ஒருவரின் அனுபவத்தைச் சொல்கின்றோம். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். "பிரசவத்திற்குப் பிந்திய மிகு உதிரப்போக்கு என்றால் என்ன?" என்ற தேர்வுக் கேள்விக்கு, "500 மில்லி லிட்டருக்கு மேல்" என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர் அவர். பயிற்சி முடிந்து பணியில் சேர்ந்த முதல் மாதம் ஓர் இரவு, குழந்தை பெற்ற ஒரு தாயின் அருகே அவர் இருந்தார். உதிரம் விரித்த துணியில் ஊறிக்கொண்டே இருந்தது. துணியில் ஊறிய உதிரம் பார்வைக்குக் கொஞ்சமாகத்தான் தெரியும். "அதிகமில்லை" என்றே அவர் எண்ணினார். தாய், "சிஸ்டர், கண்ணை இருட்டிக்கிட்டு வருது" என்று சொன்னபோதுதான் திடுக்கிட்டார். மூத்த சிஸ்டர் ஓடி வந்து, அடிவயிற்றில் கைவைத்துக் கருப்பையைத் தேய்த்து இறுகச் செய்து, ஊசி போட்டு, டாக்டரை அழைத்து அந்தத் தாயைக் காப்பாற்றினார்கள். 500 மில்லி லிட்டர் என்ற எண் எங்கள் தோழியின் தலையில் இருந்தது. அது துணியில் எப்படியிருக்கும் என்பது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

இதற்கு மருந்து எளியது. சிவப்புச் சாயம் கரைத்த நீரை 100, 300, 500, 1000 மில்லி லிட்டர் என அளந்து பழைய சேலைத் துணியிலும், பஞ்சிலும், ரப்பர் விரிப்பிலும் ஊற்றி, மாணவியரை மதிப்பிடச் சொல்ல வேண்டும். பிறகு உண்மை அளவைச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேர வகுப்பு போதும். பல மணி நேர விரிவுரை தராததை அது தந்துவிடும். கண்மதிப்பு தவறும் என்பதனாலேயே, உதிரத்தைச் சேர்த்து அளவு காட்டும் பை போன்ற விரிப்புகள் இன்று வந்துள்ளன. கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் அவ்விரிப்பினால் உதிரப்போக்கை உடனே கண்டறிந்து, சிகிச்சைகள் அனைத்தையும் ஒரே தொகுப்பாக அளித்துப் பார்த்தனர். கடுமையான உதிரப்போக்கு முதலிய தீய விளைவுகள் 100க்கு 60 அளவில் குறைந்தன என்று 2023 இல் அறிவித்தனர்.

பொம்மையின் கதை

பொம்மை வைத்துப் பிரசவம் கற்பிப்பது புதுமை என்று நினைப்போர் உளர். அது 250 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. பிரான்சு நாட்டில் ஆஞ்செலிக் தூ கூத்ரே என்ற மருத்துவச்சி இருந்தார். பயிற்சியில்லாத கைகளில் கிராமப்புறத் தாய்மாரும் சேய்களும் மடிவதைக் கண்ட அவர், துணி, தோல், பஞ்சு முதலியவற்றால் ஒரு பெண்ணின் இடுப்புப் பகுதியையும் அதனுள் ஒரு குழந்தையையும் தைத்தார். அதற்கு 'இயந்திரம்' என்று பெயரிட்டார். 1759 இல் பதினைந்தாம் லூயி மன்னர் அவருக்கு ஆணைப்பத்திரம் அளித்து, நாடெங்கும் சென்று கற்பிக்கப் பணித்தார். 1760 முதல் 1783 வரை ஊர் ஊராகச் சென்ற அவ்வம்மையார், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கும் அந்தத் துணிப் பொம்மையின் மீதே கைப்பழக்கம் தந்தார். அவற்றுள் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

அந்த அம்மையார் உணர்ந்த உண்மை இதுதான்: பொம்மையின் மீது தவறு செய்யலாம். குழந்தையின் தோள் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது, கால் முன்னே வந்தால் என்ன செய்வது என்பவற்றை ஒரு மாணவி பிரசவ அறையில் பார்ப்பது அரிது. ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலும், மூத்தவர்கள் அவளை ஒதுக்கிவிட்டுத் தாங்களே முன்னிற்பார்கள். அதுவே முறையும் ஆகும். பொம்மையிலோ அதே சிக்கலை ஒரே பிற்பகலில் பத்து முறை உண்டாக்கிப் பத்து முறையும் தீர்க்கலாம். பிறந்தவுடன் மூச்சு விடாத குழந்தைக்கு முதல் நிமிடத்திற்குள் துடைத்து, முதுகைத் தடவித் தூண்டி, அதற்கும் மூச்சு வராவிட்டால் முகமூடிப் பையால் காற்றுச் செலுத்தும் வித்தையும் இப்படித்தான் கைவரும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பும் பிற அமைப்புகளும் சேர்ந்து 2010 இல் இதற்கென்றே ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கின. பொம்மைக் குழந்தையின் மீது கைப்பழக்கம் பெறுவதே அதன் அடிப்படை. மாணவி தன் இடுப்பில் கட்டிக்கொண்டு தாயாகவே நடிக்கக்கூடிய பொம்மைகளும் இன்று உள்ளன. அவற்றில் செயற்கை உதிரம் வழியும், நஞ்சுக்கொடியும் வெளிவரும்.

ஆயினும் பொம்மைக்கு வெட்கமில்லை, வலியுமில்லை. "நர்சம்மா, என் வீட்டுக்காரர் வந்துட்டாரா?" என்று அது கேட்காது. பொம்மையின் முன்னே கைதேர்ந்த ஒரு மாணவி, உண்மையான தாய் அலறும்போது பின்வாங்கி நின்றதை நாங்கள் பார்த்திருக்கின்றோம். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "இதோ முடிஞ்சிடும்மா, நல்லா மூச்சை இழுத்து விடு" என்று சொல்லும் குரல் பிரசவ அறையில்தான் பிறக்கும்.

எண்ணிக்கைப் புத்தகம்

அப்படியானால் பிரசவ அறையே சிறந்த பள்ளியன்றோ? அதுவும் முழு உண்மையன்று.

இந்தியச் செவிலியர் மன்றத்தின் பழைய பாடத்திட்டப்படி, பட்டப் படிப்பு மாணவி ஒருத்தி 20 இயல்பான பிரசவங்களைத் தானே பார்த்து, அவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் பெற வேண்டும். மாணவியர் பேச்சில் அது 'கேஸ் புக்'. நல்ல நோக்கத்துடன் ஏற்பட்ட விதிதான். ஆனால் 20 என்ற எண் முன்னே வந்து நின்றதும், கல்வி பின்னே போய்விடுகின்றது. ஒரே தாயைச் சுற்றிப் பதினொரு மாணவியர் நின்றதை நாங்கள் கண்டோம். குழந்தையின் தலையைத் தாங்கியவள் ஒருத்தி. கொடியைக் கத்தரித்தவள் ஒருத்தி. எட்டிப் பார்த்தவர் மற்றவர். அன்று மாலை விடுதியில் எத்தனை கேஸ் புக்குகளில் அந்த ஒரே பிரசவம் ஏறியது என்பதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமாக இருக்கின்றது. எங்கள் புத்தகங்களிலும் அது ஏறியது. யாரையும் குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை. ஒப்புக்கொள்ளவே எழுதுகின்றோம்.

அந்தப் பதினொருவரின் நடுவே கிடந்த தாயை நினைத்துப் பாருங்கள். அவள் கிள்ளையிலிருந்தோ பரங்கிப்பேட்டையிலிருந்தோ காட்டுமன்னார்கோயிலிலிருந்தோ வந்தவளாக இருக்கலாம். வீட்டில் மாமியார் முன்னும் குரல் உயர்த்தாதவள். அவளிடம், "அம்மா, இந்தப் பெண் படிக்கிறவள், அருகில் நிற்கலாமா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏழை என்பதனாலேயே அவள் உடம்பு பாடப்புத்தகம் ஆகிவிடலாமா? பேறுகாலத்தில் தாய் தான் விரும்பும் ஒருவரைத் துணையாக வைத்துக்கொள்ளலாம் என்றும், மரியாதையோடு நடத்தப்பட வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018 இல் வெளியிட்ட பரிந்துரைகள் கூறுகின்றன. மரியாதை என்பதும் பாடத்தின் ஒரு பகுதி. அதைக் கண்ணால் கண்டு கற்க வேண்டிய இடத்தில் அதற்கு மாறானதைக் கண்டால், மாணவி மாறானதையே கற்பாள்.

மற்றொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100க்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனையில் நடைபெறுகின்றன. நம் பாட்டிமார் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத முன்னேற்றம் இது. ஆனால் அதே கணக்கெடுப்பில் 100க்கு 44.9 குழந்தைகள் அறுவைச் சிகிச்சையால் பிறக்கின்றன என்றும் காண்கின்றோம். ஆகவே சுகப்பிரசவத்தை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு முன்போல் மாணவியர்க்கு எளிதன்று. செவிலியர் கல்லூரிகளோ பெருகிவிட்டன. வாய்ப்பு குறைவு, கைகள் அதிகம். இந்நிலையில், கிடைக்கும் ஒவ்வொரு பிரசவத்திற்கும் மாணவி முன்னரே பழகிய கையோடு வர வேண்டும் என்பது இன்னும் கட்டாயமாகின்றது.

வியன்னாவும் உத்தரப் பிரதேசமும்

கற்பிக்கும் முறை உயிரைக் காக்கலாம் அல்லது பறிக்கலாம் என்று நாங்கள் சொன்னால் சிலர் மிகை என்பர். வியன்னா நகரப் பொது மருத்துவமனையின் வரலாறு அதற்குச் சான்று. அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவரும், மற்றொன்றில் மருத்துவச்சி மாணவியரும் பயின்றனர். 1846 இல் மாணவர் பிரிவில் 100க்கு 11 தாய்மார் அளவில் மாண்டனர். மருத்துவச்சியர் பிரிவில் ஏறக்குறைய 3 பேர் மட்டுமே. ஒரே ஊர், ஒரே கட்டடம், ஒரே வகைத் தாய்மார். ஏன் இந்த வேறுபாடு? இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். மாணவர்கள் காலையில் பிண அறையில் உடல்களை அறுத்துப் பாடம் படித்துவிட்டு, அதே கையோடு தாய்மாரைப் பரிசோதித்தனர். மருத்துவச்சியர்க்குப் பிண அறைப் பாடம் இல்லை. 1847 இல் குளோரின் சுண்ண நீரில் கைகழுவும்படி அவர் கட்டளையிட்டதும் இறப்பு வெகுவாகக் குறைந்தது. பாடம் நடத்திய முறையே அத்தாய்மாரைக் கொன்றது என்று சொன்னால் தவறாகுமா? அறிவை நாடியே அந்த மாணவர்கள் பிண அறைக்குச் சென்றனர். அங்கிருந்து தாயிடம் செல்லும் வழியில் என்ன செய்ய வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை.

நம் நாட்டிலேயே அண்மையில் நடந்த மற்றொரு சான்றும் உண்டு. 2014 முதல் 2016 வரை உத்தரப் பிரதேசத்தில் 120 மருத்துவ நிலையங்களை எடுத்து ஓர் ஆய்வு நடத்தினர். பாதி நிலையங்களில் பயிற்றுநர்கள் பிரசவ அறைக்கே அடிக்கடி வந்து, செவிலியர் அருகில் நின்று, சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றின்படி செய்யப் பழக்கினர். மற்றப் பாதியில் எல்லாம் வழக்கம்போல். 1,57,000 பிரசவங்களுக்கு மேல் கவனித்தனர். இரண்டாவது மாதத்தில், செய்ய வேண்டியவற்றுள் 100க்கு 73 பயிற்சி பெற்ற இடங்களில் சரியாக நடந்தன. மற்ற இடங்களில் 42 மட்டுமே. பயிற்றுநர் வருகை எட்டு மாதத்தில் முடிந்தது. பன்னிரண்டாவது மாதத்தில் பார்த்தபோது 73 என்பது 62 ஆகக் குறைந்திருந்தது. மற்றப் பக்கம் 44. இறப்பு விகிதத்திலோ இரு பக்கத்திற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

இதிலிருந்து எங்களுக்குப் புரிவது என்ன? அருகில் நின்று பழக்கினால் கை மாறுகின்றது. பழக்குபவர் போய்விட்டால் பழக்கமும் மெல்லத் தளர்கின்றது. பட்டியலும் வருகையும் மட்டும் போதா. மருந்து, உதிரம், மேல்மருத்துவமனை, அவசரத்தைச் சமாளிக்கும் கைத்திறன் ஆகிய எல்லாம் சேர்ந்தால்தான் உயிர் காக்க முடியும். ஒரு முறை கற்றுச் சான்றிதழ் வாங்கினால் போதும் என்ற எண்ணத்தை நாம் கைவிட வேண்டும்.

எங்கள் கருத்து

மூன்று வழிகளையும் எடைபோட்ட பின்னர் எங்கள் துணிபு இது: புத்தகம் முதலில், பொம்மை அடுத்து, பிரசவ அறை கடைசியில். இந்த வரிசை மாறக்கூடாது. பொம்மையின் மீது பலமுறை செய்து, ஆசிரியை முன்னே செய்து காட்டித் தேறாத எந்த மாணவியும் ஒரு தாயின் மேல் கைவைக்கக் கூடாது. தேறியவள் பிரசவ அறைக்குள் செல்லும்போது, அவள் தோளருகே ஓர் ஆசிரியை நிற்க வேண்டும். பணியில் சேர்ந்த பிறகும் ஆண்டுதோறும் அவள் பொம்மையிடம் திரும்பி வர வேண்டும்.

"பொம்மைக்கு ஏது பணம்?" என்று கேட்பார்கள். விலை உயர்ந்த பொம்மை இருந்தால் நன்று. இல்லாவிட்டால் தூ கூத்ரே அம்மையாரின் ஊசியும் நூலும் போதும். பழைய போர்வை, பஞ்சு, ஒரு துணிக் குழந்தை, சாயம் கலந்த நீர் இவற்றைக்கொண்டு நம் தையல் வகுப்பு மாணவியரே செய்துவிடலாம். பொம்மையைவிட அருமையானது ஆசிரியையின் நேரம். விலையுயர்ந்த பொம்மை கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்து, ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் வெளிவருமானால் யாருக்கு என்ன பயன்?

"முதலிலேயே தாயைத் தொட்டுப் பழகாவிட்டால் கூச்சம் போகாதே" என்று மூத்த சிஸ்டர்கள் சிலர் சொல்வதுண்டு. அவர்களிடம் நாங்கள் கற்றது ஏராளம். ஆகவே அவர்கள் சொல்லை எளிதாகத் தள்ள மாட்டோம். கூச்சம் போக வழியுண்டு. முதல் மாதங்களில் மாணவி பிரசவம் பார்க்க வேண்டாம். தாயின் தலைமாட்டில் துணையாக நிற்கட்டும். முதுகைத் தேய்க்கட்டும், தண்ணீர் கொடுக்கட்டும், வியர்வையைத் துடைக்கட்டும், வெளியே காத்திருக்கும் தாயாருக்குச் செய்தி சொல்லட்டும். கை பழகும் முன்பே மனம் பழகிவிடும். அந்தத் தாய்க்கும் அது பெரிய ஆறுதல்.

இந்தியச் செவிலியர் மன்றம் 2021 இல் திருத்திய பட்டப் படிப்பு விதிகளில் பருவமுறையும், மாதிரிச் சூழலில் செய்முறைப் பயிற்சியும், செய்து காட்டும் தேர்வும் இடம்பெற்றுள்ளன. மனமார வரவேற்கின்றோம். ஆனால் விதி தாளில் இருக்கும். அதைக் கேட்டுப் பெறுபவர் இருந்தால்தான் வகுப்புக்கு வரும். ஆகவே பெற்றோர்களே, மகளைச் சேர்க்கச் செல்லும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். செய்முறைக் கூடத்தைத் திறந்து காட்டுவீர்களா? எங்கள் பெண் எந்த மருத்துவமனையின் பிரசவ அறையில், எத்தனை மாணவியரோடு நிற்பாள்? அப்போது அவள் அருகே நிற்கும் ஆசிரியை யார்? கட்டடத்தின் உயரத்தைவிட இந்த விடைகள் முக்கியமானவை.

மாணவத் தங்கைகளே, நீங்கள் செவிலியர் ஆனால், பார்க்காத பிரசவத்தைப் பார்த்ததாக எழுதாதீர்கள். பத்து எழுதினாலும் உண்மையான பத்தாக இருக்கட்டும். தெரியாதபோது, "தெரியவில்லை மேடம், இன்னொரு முறை காட்டுங்கள்" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்காக வகுப்பில் சிரிப்பார்கள். ஆனால் ஒரு நாள் அந்தக் கேள்வி ஓர் உயிரைக் காக்கும்.

அருட்கன்னியர்களுக்கும் ஒரு சொல். நம் கன்னியர் பேறுகாலப் பணியில் ஈடுபடுவதற்கே ஒரு காலத்தில் திருச்சபைச் சட்டம் இடந்தரவில்லை. மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன் அம்மையார் போன்றோர் இந்தியத் தாய்மாரின் துயரைக் கண்டு உரோமையிடம் முறையிட்டனர். ஆஸ்திரேலிய மருத்துவரான மேரி குளோரி அம்மையார், 1920 இல் குண்டூருக்கு வந்து, திருத்தந்தையின் தனி அனுமதியுடன் துறவியாகவும் மருத்துவராகவும் பணியாற்றினார். 1925 இல் அன்னா டெங்கல் அம்மையார் மருத்துவ மறைபரப்புச் சகோதரியர் சபையைத் தோற்றுவித்தார். இறுதியில் 1936 பிப்ரவரியில் உரோமை ஆணை வெளியிட்டு, துறவியர் மருத்துவமும் பிள்ளைப்பேற்றுப் பணியும் செய்ய வழிதிறந்தது. அவர்கள் இத்தனை ஆண்டுகள் வாதாடிப் பெற்ற உரிமை அது. தாய்மாரின் அருகே நிற்க அவர்கள் பெற்ற அவ்வுரிமையை, நன்கு கற்பிப்பதன் மூலம் நாம் நிறைவேற்ற வேண்டாமா? பேறுகாலப் பயிற்சிக்கு ஆசிரியை ஒருவரை அனுப்புவது, புதிய கட்டடம் எழுப்புவதைவிடப் பெரிய காணிக்கை.

2018-20 ஆம் ஆண்டுகளின் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தனர். இந்தியா முழுமைக்கும் அது 97. நம் மாநிலம் பெருமைப்படத் தக்கதே. கிராம சுகாதாரச் செவிலியர்களும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவெல்லாம் விழித்திருக்கும் ஸ்டாஃப் நர்சுகளும் அந்தப் பெருமைக்கு உரியவர்கள். ஆனால் 54 என்பது எண். ஒவ்வொரு வீட்டிலும் அது ஒன்றே ஒன்று. அம்மா என்று அழைக்க ஆளில்லாமல் வளரும் குழந்தைக்கு விழுக்காடு தெரியாது.

எகிப்தில் மன்னனின் கொடிய கட்டளைக்கு அஞ்சாமல் எபிரேயக் குழந்தைகளை உயிரோடு விட்ட சிப்ரா, பூவா என்ற இரு மருத்துவச்சியரின் பெயரை விடுதலைப் பயண நூல் மறவாமல் எழுதி வைத்திருக்கின்றது. அந்த மன்னனின் பெயரை அது எழுதவில்லை. நம் பள்ளியிலிருந்து புறப்படும் தங்கைகளின் பெயர் எந்த நூலிலும் வராமல் போகலாம். ஆனால் கடலூரிலோ சிதம்பரத்திலோ ஏதோ ஓர் இரவில், ஒரு தாய் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கண் திறப்பாள். அந்தக் கை நன்கு பழகிய கையாக இருக்கட்டும். மலைநாட்டிற்கு விரைந்து சென்ற அன்னை மரியாள் அவர்களுக்கு வழித்துணையாக இருப்பாராக!

— பழைய மாணவியர் சிலர்